மரை கழன்றவள் பேசுகிறேன்



இது நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ போட்டேன். என் பழைய சைக்கிளின் இடது பக்க கிராங்க். அதில் சிக்கிக்கொண்டிருக்கும் காட்டர் பின். தலை நசுங்கி, மரை முழுக்கச் சப்பிப்போய், நட்டு பாதியில் நின்றுபோன படம். "இதை எப்படிக் கழற்றுவது, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தேன்.

வந்த பதில்களை அப்படியே தருகிறேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

"அத்தை, அதை இரும்புக் கடையில் போடுங்க. நான் ஆன்லைன்ல புதுசு போட்டுவிடுறேன்."

"சின்னம்மா, இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"பெரியம்மா, கையில அடிபட்டா யார் பார்க்கிறது? ஆப்பசைத்த குரங்கு கதை நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க!"

இன்னொருவர் எனக்கு அனுப்பாமல் வேறு யாருக்கோ அனுப்ப நினைத்துக் குழுவிலேயே போட்டுவிட்டார். "டீச்சரம்மாவுக்கு மரை கழண்டுபோச்சு." உடனே அழித்துவிட்டார். அதற்குள் நான் படித்துவிட்டேன். நல்ல தலைப்பு கொடுத்ததற்கு நன்றி.

பன்னிரண்டு பேர் பதில் போட்டீர்கள். "இப்படிச் செய்து பாருங்கள்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். அது வெறும் இரும்பு என்று நினைக்கிற சின்னப் பிள்ளைகளுக்காக.

1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த இயக்கம் முடிவெடுத்தது. கல் உடைக்கிற பெண்கள், களை எடுக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, விழுந்து, முட்டி பெயர்ந்து, மறுபடி ஏறினோம். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தோம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி. எனக்கு அப்போது 32 வயது. கையில் இரண்டு பிள்ளைகள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வரும்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பண்டிகை முன்பணத்தை வாங்கி, புடவை எடுக்காமல் இந்தச் சைக்கிளை எடுத்தேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிள்தான் கிடைத்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. முன்னால் பாரில் சின்னவளை உட்கார வைத்துக்கொள்வேன். நான் பஸ்ஸுக்காக யாரையும் கெஞ்சாமல், யாருடைய வண்டியிலும் தொற்றிக்கொள்ளாமல் என் வேலைக்கு நானே போய் வந்தது இந்தச் சைக்கிளில்தான். இதைத்தான் எடைக்குப் போடச் சொல்கிறீர்கள்.

இப்போது என் பேத்தி எட்டாம் வகுப்பு. அவளுக்கு இதை ஓட்டிப் பழக வேண்டும் என்று ஆசை. ஓட்டிப் பார்த்தாள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம். காலில் ஓர் உதறல். இடது கிராங்க் அச்சில் லூசாக ஆடுகிறது. காட்டர் பின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பக்கத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பையன் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். பின்னின் மரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மரை மேலேயே சுத்தியலால் நாலு போடு போட்டான். கிராங்குக்கு அடியில் எந்த முட்டும் கொடுக்கவில்லை. பின் அசையவில்லை. தலை காளான் மாதிரி விரிந்துவிட்டது. இனி நட்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. "கேஸ் வச்சு கட் பண்ணணும்மா. கிராங்கு, அச்சு, எல்லாம் செட்டா மாத்தணும். அதுக்கு நீங்க வண்டியையே மாத்திரலாம்" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். மரையைக் காப்பாற்றி அடிப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் யார்? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலு நாள் எடுத்துக்கொண்டேன். கழற்றிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன். ஏனென்றால் "டீச்சர் சும்மா அளக்கிறாங்க" என்பீர்கள்.

முதலில் அந்தப் பின் என்ன பொருள் என்று பாருங்கள். சுண்டுவிரல் அளவு இரும்புக் கம்பி. நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் குறுக்களவு 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ. அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவு நடு அச்சில் இருக்கிற வெட்டில் போய் இறுகிக்கொள்ளும். அதாவது அது ஓர் ஆப்பு. அதன் மெல்லிய முனையில் மரை. மரையில் நட்டு. ஆப்பு இறுக்கிப் பிடிக்கிறது. நட்டு அந்த ஆப்பு பின்னால் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. நட்டை முறுக்கித்தான் பின்னை இழுத்து இறுக்க வேண்டும் என்று நினைப்பது தப்பு. அப்படி நினைத்து முறுக்கி முறுக்கித்தான் பாதிப் பேர் மரையைக் கெடுக்கிறார்கள்.

ஏழாம் வகுப்பில் நான் "எளிய இயந்திரங்கள்" நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? முக்கோணமாகக் காகிதம் வெட்டி, பென்சிலில் சுற்றிக் காட்டுவேன். "சாய்தளத்தை உருளையில் சுற்றினால் திருகு. இரண்டு சாய்தளத்தை முதுகோடு முதுகு சேர்த்தால் ஆப்பு." ஐந்து மதிப்பெண் கேள்வி. இந்தச் சின்னக் காட்டர் பின்னில் ஆப்பும் இருக்கிறது, திருகும் இருக்கிறது. இருபத்தைந்து வருடம் இதன் மேலேயே மிதித்துக்கொண்டு போய், வகுப்பில் பென்சிலைக் காட்டிப் பாடம் நடத்தினேன். ஒரு நாள்கூடச் சைக்கிளை வகுப்புக்குள் கொண்டுவந்து இதைக் காட்டத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் இரண்டு நாள் சுத்தியலைத் தொடவே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் அழுக்கைத் தேய்த்து எடுத்தேன். ஹார்டுவேர் கடையில் துரு இளக்கும் ஸ்பிரே வாங்கி, பின்னின் இரண்டு முனையிலும் காலை மாலை அடித்தேன். கிராங்கை ஸ்பானரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிக்கொடுத்தேன், எண்ணெய் உள்ளே இறங்குவதற்காக. இரும்பு துருப்பிடித்தால் அது அடைக்கும் இடம் கூடும். அதனால்தான் உள்ளே இருப்பது வெளியே வர மறுக்கிறது. அதை அடித்து மிரட்ட முடியாது. ஊற வைக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: சிலர் சூடு காட்டச் சொல்வார்கள். எண்ணெய், ஸ்பிரே, மண்ணெண்ணெய் எது போட்டிருந்தாலும் அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். நான் சூடு காட்டவே இல்லை.

இரண்டாவது, முட்டு. இதுதான் கடையில் விட்டுப்போனது. கிராங்க் அந்தரத்தில் இருக்கும்போது அடித்தால் அடியில் பாதி பின்னுக்குப் போகாது. அச்சுக்கும் அதைத் தாங்குகிற பால்ரஸ் குண்டுகளுக்கும்தான் போகும். பின் அசையாமல், நல்லா இருப்பதும் கெடும். முதலில் நான் செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். ஒரே அடியில் செங்கல் இரண்டாகப் பிளந்தது. பேத்தி சிரித்தாள். பிறகு பிளம்பரிடம் முக்கால் இன்ச் ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கிராங்கைப் படுக்கை வசமாக வைத்து, மரை முனை மேலே, தடித்த முனை கீழே. கீழே இருக்கும் முனைக்கு நேராகப் பைப்பை நிறுத்தினோம். வண்டியின் பாரம் அந்தப் பைப்பின் மேல் உட்காருகிற அளவுக்கு நீளம். பைப்பின் துளைக்குள் பின் இறங்கி விழ இடம் இருக்க வேண்டும். நூல் வைத்து அளந்து வெட்டினோம்.

மூன்றாவதுதான் முக்கியம். எதைக் காப்பாற்றப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்று முடிவு செய்வது. நான் முதல் நாள் முழுக்க அந்த நசுங்கிய மரையைச் சரிசெய்யப் பார்த்தேன். முக்கோண அரம் வைத்து ஒவ்வொரு வரியாக இழைத்தேன். கண் வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் புத்தி வந்தது. பின் ஒரு டீ வடைக் காசு. எப்படியும் தூக்கிப்போடப் போகிறேன். காப்பாற்ற வேண்டியது கிராங்கும் அச்சும். பிறகு எதற்கு அந்த மரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்?

ஆக்சா பிளேடை எடுத்து, கிராங்கின் மேல்மட்டத்தோடு ஒட்டி, மரையையும் நட்டையும் சேர்த்து அறுத்துத் தள்ளினேன். அரத்தால் மட்டம் செய்தேன். நடுவில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் தம்பியிடம் டிரில்லிங் மிஷின் கடன் வாங்கி, 5 மி.மீ. பிட் போட்டு, மெதுவாக, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, நேராகத் துளை போட்டோம். புள்ளி நகர்ந்தால் துளை சாய்ந்து கிராங்கையோ அச்சையோ கடித்துவிடும். அதனால் பெரிய பிட் போடவில்லை. நடுவில் துளை விழுந்தால் பின் உள்பக்கமாகச் சுருங்க இடம் கிடைக்கும். பிடி தளரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டோம், நானும் சரி, பிடித்துக்கொண்டிருந்த பேத்தியும் சரி. இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் அப்புறம் பெரிய செலவு.

நான்காவது நாள் காலை. 8 மி.மீ. போல்ட்டு ஒன்றின் முனையை மட்டமாக அரத்தில் தேய்த்துப் பஞ்ச் ஆக்கினேன். சின்னச் சுத்தியலை வைத்துவிட்டு ஒரு கிலோ சுத்தியல் எடுத்தேன். சின்னச் சுத்தியலால் நூறு தட்டுத் தட்டினால் தலைதான் விரியும். கனமான சுத்தியலால் நேராக ஒரே ஓர் அடி. முதல் அடியில் "தொப்" என்று செத்த சத்தம். பைப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். நகர்த்தி வைத்தேன். இரண்டாவது அடி என் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் பட்டது. ஆமாம், பட்டது. கறுத்துப்போய் இருக்கிறது. மறைக்கவில்லை. மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. "டங்" என்றது. நான்காவதில் பின் பைப்புக்குள் விழுந்து கடகடவென்று உருண்டது.

பேத்தி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்துவிட்டார்.

பழைய பின்னைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் புதுசு வாங்கினேன். அளவு கொஞ்சம் மாறினாலும் உட்காராது. அதன் சரிவை அரத்தால் லேசாகத் தேய்த்து, அச்சின் வெட்டில் முழுசாகப் படிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, தட்டி ஏற்றி, பிறகு நட்டு. இந்தப் பக்கப் பின்னும் அந்தப் பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போக வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு தட்டு, மறுபடி நட்டு இறுக்கம். ஏனென்றால் ஓட்டும்போது ஆப்பு இன்னும் கொஞ்சம் படியும். அடுத்த தடவை கழற்றும்போது நட்டைப் பின்னின் முனை மட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடி நட்டின் மேலும் விழும், மரை பிழைக்கும். இவ்வளவுதான். இந்த ஒரு வரி அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"புதுசே வாங்கிரலாமே." வாங்கலாம். புது சைக்கிளிலும் ஒரு நாள் ஏதாவது சிக்கும். அப்போது? அதையும் தூக்கிப் போடுவீர்கள். மிக்சி, மின்விசிறி, குக்கர், செல்போன் எல்லாம் அப்படித்தான் போகிறது உங்கள் வீட்டில். ஒரு பொருள் சிக்கிக்கொண்டால் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மாற்றுகிறவர் அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை, வாடகைக்காரர். வாங்குகிற பணம் உங்களுடையதுதான். ஆனால் பழுதானால் என்ன செய்வது என்ற முடிவு உங்களுடையது இல்லை, கடைக்காரருடையது.

"நேரம் வீண்." நாலு நாளில் நான் சைக்கிளோடு உட்கார்ந்த நேரம் மொத்தம் ஐந்து மணி நேரம் இருக்கலாம். அந்த ஐந்து மணி நேரமும் என் பேத்தி செல்போனைத் தொடவில்லை. ஆப்பு என்றால் என்ன, மரை என்றால் என்ன, துரு ஏன் இறுக்குகிறது, எதைக் காப்பாற்ற எதை விட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். ஐந்து மணி நேர டியூஷனுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

"இந்த வயசில் ஏன்?" இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. என் தம்பிக்கும் என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. அவன் போன மாதம் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது "சித்தப்பா சூப்பர்" என்று நீங்களே கைதட்டிப் போட்டீர்கள். அப்படியானால் பிரச்சினை வயசு இல்லை. நேரடியாகச் சொல்லுங்கள்: பொம்பளைக்கு ஏன் சுத்தியல்?

1993 என்று நினைக்கிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் செயின் கழன்றுவிட்டது. ஆசிரியை, நடுரோட்டில் உட்கார்ந்து கையைக் கறுப்பாக்கிக்கொள்வதா என்று வெட்கம். யாராவது ஆம்பளை வருவாரா என்று அரை மணி நேரம் நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி பார்த்தார். பேசாமல் ஒரு குச்சியை ஒடித்து, செயினைப் பல்லில் ஏற்றி, பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் உட்கார்ந்துவிட்டது. "இதுக்கா தாயி நிக்கிறே?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டக் கற்றதில் எனக்குக் கிடைத்த விடுதலை பாதிதான். மீதிப் பாதி ஸ்பானரில் இருந்தது. அதை எடுக்க எனக்கு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபிரேமில் விரிசல், போர்க்கில் வளைவு என்றால் நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். போய், அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள். மாலில் போட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்காத தொழிலில் நல்ல வேலைக்காரர் எப்படி நிற்பார்? முட்டுக் கொடுத்து, ஊற வைத்து, பொறுமையாகக் கழற்ற நேரம் எடுத்தால் அந்தப் பையனுக்கு அன்றைய சாப்பாடு தேறாது. அதனால் அடிக்கிறான். அவன் கையில் சுத்தியல். அவசரம் நம்முடையது.

அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். முழு மனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் அப்படி வந்த சைக்கிள்கள் மூன்று, சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. போய்ப் பார்த்தேன். ஒன்றில் பிரேக் கட்டை இல்லை. ஒன்றில் செயின் இறுகிவிட்டது. ஒன்றில் இடது பெடல். இடது பெடலின் மரை மற்ற மரைகளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும் என்று தெரியாமல், கழற்றுவதாக நினைத்து யாரோ இறுக்கியே கெடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்து அரை நாள் வேலை. சைக்கிளோடு ஒரு ஸ்பானரும், பள்ளியில் ஒரே ஒரு மணி நேரப் பாடமும் கொடுத்திருந்தால் மூன்று பிள்ளைகள் கல்லூரிக்கும் அதிலேயே போயிருப்பார்கள். பிள்ளைகள் கையைக் கறுப்பாக்கிக்கொள்வதைப் பள்ளிக்கூடம் ஏன் இவ்வளவு பயத்தோடு பார்க்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடம் நான்தான்.

என் மாணவர்களே, இது உங்களுக்கு. "ஒழுங்காப் படி, இல்லேன்னா சைக்கிள் கடைக்குத்தான் போவே." இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? உங்களில் யார் யாரிடம் சொன்னேன்? நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். காலையில் மாமாவின் சைக்கிள் கடையில் வேலை செய்துவிட்டுத் தாமதமாக வருவான். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஒரு நாள் அவனை இரண்டு தடவை கை கழுவ அனுப்பினேன். திரும்பி வந்ததும் "திருகு என்றால் என்ன?" என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. "உனக்குக் கடைசியில சைக்கிள் கடைதாண்டா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

அன்று காலைதான் அவன் பத்துத் திருகையாவது கழற்றி மாட்டிவிட்டு வந்திருப்பான். அந்த வகுப்பில் திருகு என்றால் என்ன என்று உண்மையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். எனக்குத் தெரிந்தது பென்சிலில் சுற்றிய காகிதம். கரும்பலகைக்கு அவனைக் கூப்பிட்டு, "நீ சொல்லுடா, மரை போன நட்டை எப்படிக் கழற்றுவே?" என்று கேட்டிருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளும் கற்றிருப்பார்கள். நானும் கற்றிருப்பேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

தம்பி, இதை நீ படித்தால், மன்னிப்புக் கேட்கிறேன். படிக்காவிட்டாலும் கேட்கிறேன்.

அந்தக் கடைப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று மேலே எழுதினேன். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். கைவேலை தோற்றவனுக்கு விதித்த தண்டனை என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். இப்போது நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். மூன்று மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் இருக்கும் குடும்பத்தில் ஒரு காட்டர் பின்னுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. கை அழுக்காகாமல் படித்தால்தான் படிப்பு என்று அவர்களுக்குச் சொன்னதும் நாங்கள்தான்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று: அந்த வாக்கியத்தை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதில் அதை மட்டும் மறந்துவிடுங்கள். உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பதினெட்டுப் பேர் என் கணக்கில் இருக்கிறார்கள். உங்களுக்கு இது வேண்டுகோள் இல்லை, வீட்டுப்பாடம்.

இரண்டு: வீட்டில் அடுத்து ஏதாவது சிக்கினால், தூக்கிப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையோடு அதன் முன்னால் உட்காருங்கள். கழலாமலும் போகலாம். பரவாயில்லை. ஏன் கழலவில்லை என்று தெரிந்துகொண்டு தூக்கிப் போடுங்கள்.

ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். பைப் துண்டு, ஒரு கிலோ சுத்தியல், அரம், ஸ்பிரே எல்லாம் இருக்கிறது. தெருவில் துருப்பிடித்து நிற்கும் அந்த மூன்று சைக்கிள்களில் முதலாவதை வரும் ஞாயிறு எடுக்கிறோம். அந்தக் கடைப் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன். "வர்றேம்மா" என்றான். வருகிறானா பார்ப்போம். வந்தால் அரை நாள் கூலி நான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"மரை கழண்டுபோச்சு" என்று போட்டவருக்கு ஒரு வார்த்தை. உண்மைதான், கழன்றுதான் போயிருந்தது. ஆக்சா பிளேடால் அறுத்துத் தள்ளிவிட்டேன். சைக்கிள் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது.

பேத்தி டியூஷனுக்குப் போயிருக்கிறாள். சைக்கிளில்தான். வந்ததும் நட்டை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பானரை அவளே எடுத்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்